மூடி திறக்காத பிளாஸ்க்

காட்டேரி அருவிக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு வருகிறவர்களில் சிலர் அருவியைப் பார்க்க வருவதில்லை. வெயில் புல்தரைக்கு இறங்கிய பிறகு இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வரும். ஒன்று முன்னால் போகும், மற்றது கொஞ்சம் பின்தங்கிப் படியிறங்கும். கீழே, அருவி தெரியும் நிழற்குடைக்குப் பக்கத்தில் எதேச்சையாக எதிர்ப்பட்டதுபோல் நின்று பேசத் தொடங்குவார்கள். பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருத்தி தன் அம்மாவுக்குப் பின்னால் நின்று பூச்செடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுற்றுவட்டார எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பெண் பார்ப்பது பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. லயத்துக்கு ஒரே கூரை, ஒரே வாசல். மாப்பிள்ளை வீட்டார் பாதையில் ஏறி வந்தால் கடைசி வீடு வரைக்கும் கதவு திறக்கும். அவர்கள் மறுமுறை வராமல் போனால் அதுவும் கடைசி வீடு வரைக்கும் தெரியும். பூங்காவில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

போகப்போக இதற்கும் ஒழுங்குமுறை வந்துவிட்டது. பெண் வீட்டார் ஒரு பிளாஸ்க்கில் தேநீரும் ஏதாவது பலகாரமும் கொண்டுவருவார்கள். பிளாஸ்க்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பார்கள், ஆனால் திறக்க மாட்டார்கள். பேசி முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் தாங்களே, "டீ கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டால் பாதிச் சம்மதம். வாங்கிக் குடித்துவிட்டால் முக்கால். பிடிக்கவில்லையென்றால், வருகிற வழியிலேயே குடித்துவிட்டோம் என்று எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ராஜரத்தினத்தின் வீட்டு பிளாஸ்க் இரண்டு முறை அப்படித் திறக்காமலே லயத்துக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டு முறையும் அவர் மனைவி ஆண்டாயி அந்தத் தேநீரைக் குழாயடியில் கொட்டினாள். வீட்டுக்குள் வைத்துக் குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறவர். அவர் சிறுவனாக இருந்தபோது இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பங்குனியோடு ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கப்புறம் எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. மேட்டுப்பாளையத்தில் வாடகைக்குப் பார்க்கலாம் என்று ஆண்டாயி சொல்கிறாள். மகள் ரேணுகாவுக்கு இருபத்தொன்பது வயது. சொந்தம் என்று சொல்ல ஒரு வாசல் இருக்கும்போதே அவளை அனுப்பிவிட வேண்டும், வாடகை வீட்டு வாசலில் பந்தல் போட யார் விடுவார்கள் என்பது அவருடைய ஒரே பேச்சு. வாடிய கொழுந்தைக் கிளறிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவரிடமும் அதைத்தான் சொல்வார்.

தேவாலா சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் ஆண்டாயியின் தம்பி பாலு. கொழுந்து ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறான். மாப்பிள்ளை ஜெகதீசன் தேவாலாவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். அப்பா இல்லை. அம்மா வாசுகி சிறு விவசாயிகளின் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் கூடலூர்ப் பக்கம் குடியேறி அங்கேயே ஊறிப்போனவர்கள். பெண் என்ன செய்கிறாள் என்று வாசுகி கேட்டபோது பாலு, தோட்டக்கலையில் வேலை என்று சொல்லியிருந்தான். கவர்மெண்டா என்று அவள் கேட்டாள். கவர்மெண்ட் பார்க்குதானுங்க என்றான் பாலு. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ரேணுகா இதே பூங்காவில் தினக்கூலி. நாற்றங்காலில் விதை போடுவதும், முளைத்ததைப் பிரித்து நடுவதும், களை எடுப்பதும் அவள் வேலை. பெண் பார்ப்பதற்கு வேறு இடம் போகலாம், குன்னூர் சிம்ஸ் பார்க்கில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அங்கே கூட்டம், உட்கார இடம் கிடைக்காது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் முதல் நாளே கூட வேலை செய்கிறவர்களிடம், நாளைக்கு நான் வருவேன், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு புதன்கிழமை. ஆண்டாயி விடியற்காலையில் எழுந்து பருப்பு வடை சுட்டாள். ஃபேக்டரியிலிருந்து வந்த நல்ல தூளைப் போட்டு, இஞ்சி தட்டி, பால் ஊற்றித் தேநீர் கொதிக்கவைத்தாள். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு நாளாக உறைபனி. வாசலில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல் ஓர் ஏடு படிந்திருந்தது.

பூங்கா வாசலில் காவலாளி பவுல்ராஜ் ரேணுகாவின் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அருவி அந்தப் பக்கம்ங்க, மேடம். செடியில கை வெக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் ரேணுகா.

கீழே பாத்தியில் உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்த செலஸ்டின் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையை அளவுக்கு மீறிக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது ரேணுகாவுக்குத் தெரிந்தது.

வாசுகியும் ஜெகதீசனும் விடியுமுன் தேவாலாவில் பஸ் ஏறி, கூடலூரிலும் ஊட்டியிலும் மாறி வந்திருந்தார்கள். வாசுகி ஒல்லியான பெண்மணி. நூல் புடவையும் மெல்லிய சால்வையும்தான். ஜெகதீசன் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான். பாலு நடுவில் நின்று, அட நீங்களா, இங்கே எங்கே என்று தன் பங்கைச் சத்தமாகச் செய்தான். வாசுகிக்கு அது புரியவில்லை. நீங்கதானே தம்பி வரச் சொன்னீங்க என்றாள்.

நிழற்குடையின் சிமெண்டுப் பலகையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிளாஸ்க்கும் வடைத் தூக்கும் நடுவில் வைக்கப்பட்டன. எதிரே அருவி தை மாதத்துக்கு உரிய அளவில், பாறையை நனைத்துக்கொண்டு மெலிவாக இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று வாசுகி கேட்டாள். மழைக்காலத்தில் வந்தால் பேச்சே கேட்காது என்று ராஜரத்தினம் அருவிக்காகப் பரிந்து பேசினார். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ரோடே இப்படித்தான் இருக்கும் என்றாள் அவள்.

பேச்சு நன்றாகவே போனது. தேவாலாவில் வீடு சொந்தம், ஓட்டு வீடு, கிணறு இருக்கிறது. யானை வரும், ஆனால் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. ஜெகதீசனின் அக்காவை எருமாடு என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ராஜரத்தினம் இலங்கையில் எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். வாசுகியின் அப்பா வேலை செய்த தோட்டமும் அவர் பிறந்த தோட்டமும் ஒரே ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையுமாக இருந்தன. இதை இரண்டு பேரும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ரேணுகாவிடம் வாசுகி சமையலைப் பற்றிக் கேட்டாள், படிப்பைப் பற்றிக் கேட்டாள். வேலையைப் பற்றிக் கேட்பதற்குள் பாலு குறுக்கே பேசிவிட்டான். பிறகு, வண்டியை வளைவில் நிறுத்தியிருக்கிறேன், பஸ் திரும்ப இடம் வேண்டும், ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்று படியேறிப் போனான்.

அவன் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பவுல்ராஜின் விசில் கேட்டது. தேயிலைச் சரிவிலிருந்து ஒற்றைக் காட்டுமாடு வேலியைத் தாண்டி இறங்கி, படிக்கட்டின் நடுவில் நின்றது. கரிய உடம்பு, காலில் மட்டும் வெள்ளை. வாசலுக்குப் போக வேறு வழியில்லை. சாப்பாட்டுக்கு மேலே போயிருந்த மற்ற வேலையாட்களும் மேலேயே நின்றுவிட்டார்கள். பவுல்ராஜ் கையை ஆட்டி, கீழேயே இருங்க, அதுவா போகும், கிட்ட வராதீங்க என்று கத்தினார். மாடு விசிலைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படியோரத்துப் புல்லை மேயத் தொடங்கியது.

இந்த மலையில் இது புதிதில்லை. யாரும் பதறவில்லை. அரை மணி நேரத்தில் போய்விடும் என்றார் ராஜரத்தினம். அது போகவில்லை. மேய்ந்தது. பிறகு படியிலேயே படுத்து அசைபோட்டது.

பாலு மேலேயிருந்து ஃபோன் செய்து, வண்டியை ஒதுக்கிட்டேன் மச்சான், மாடு ஒதுங்க மாட்டேங்குது என்றான். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. அவருடைய கவலை வேறாக இருந்தது. பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. இந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் தேநீரைக் கேட்க வேண்டும். வாசுகி பிளாஸ்க்கைப் பார்க்கிறாள். அவள் பார்ப்பதை அவரும் பார்க்கிறார். பார்த்துவிட்டு அவள் அருவிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தேவாலாப் பக்கம் வழக்கம் வேறு. அங்கே மாப்பிள்ளை வீட்டார் கால் வைத்ததும் கையில் சாயா கிளாஸ் வந்துவிட வேண்டும். பெண்ணைக் காட்டுவதற்கு முன்பே அது வர வேண்டும். தாமதமானால் வந்தவர்களை மதிக்கவில்லை என்று பொருள். வராமலே போனால், எங்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை, நடையைக் கட்டுங்கள் என்று பொருள். இரண்டு வழக்கமும் தெரிந்த ஒரே ஆள் பாலு. அவன் காட்டுமாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

தை மாதத்து வெயில் இங்கே சட்டையைச் சுடும், அது விலகினால் எலும்பு நடுங்கும். மலை முகட்டின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து நிழற்குடையை மூடியது. அருவிச் சாரலோடு காற்று வந்தது. வாசுகி கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். ஆண்டாயி தன் கம்பளிச் சால்வையை எடுத்து நீட்டினாள். வேண்டாம், எனக்குக் குளிரவில்லை என்றாள் வாசுகி. சொல்லும்போது பல் தட்டியது.

ஆண்டாயி கணவனைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"அந்தம்மா நடுங்குது. ஊத்திக் குடுத்துருவமா?"

"அவங்க கேக்கணும்."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி வேணாம்னு அர்த்தம். நாம வலிய ஊத்திக் குடுத்தா, புள்ளைய அவங்க தலையில கட்டுற மாதிரி ஆயிரும். வெளங்குதா?"

"ரெண்டு வாட்டி கொட்டுன தேத்தண்ணிய இன்னைக்கும் கொட்டச் சொல்றியா?"

அவர் பலகைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் வாசுகி மகனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சாயாவைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடுக்கலை பாத்தியா, ரெண்டு பஸ் மாறி வந்தவங்களை இப்படியா உக்கார வெப்பாங்க, பாலுத் தம்பி வரட்டும் நான் கேக்கிறேன் என்றாள். ஜெகதீசன், இருங்கம்மா, மறந்திருப்பாங்க என்றான். மறக்கிற பொருளா அது, நடுவுல சாமி மாதிரி உக்காந்திருக்கு என்றாள்.

மாடு எழுந்து நின்றது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அது இடம் மாற்றி மறுபடியும் படுத்தது.

ரேணுகா அப்போது நிழற்குடையில் நடப்பதைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை கீழ்ப் பாத்திகளின் மேல் இருந்தது. மே மாத சீசனுக்கான நாற்று போன வாரம்தான் அங்கே நடப்பட்டிருந்தது. அவற்றில் முக்கால்வாசி அவள் கையால் பிரித்து நட்டது. இந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் நிழல் விழுவதற்குள் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் மிலார்ச் செடியின் உலர்ந்த கிளைகளை நாற்றின் மேல் பரப்பி மூட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். மூடாமல் விட்ட நாற்று மறுநாள் வெந்ததுபோல் கருத்துத் தொங்கும். நான்கு பேர் செய்யும் வேலை. மூன்று பேர் மேலே நின்றுகொண்டு காட்டுமாட்டை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

செலஸ்டின் தனியாக மிலார்க் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பாத்திக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நிழற்குடைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வாக்குக் கொடுத்தபடி அந்நியளாகவே இருந்தாள். ஒரு பாத்தியைக்கூட அவள் முடித்திருக்கவில்லை.

ரேணுகா வளையல்களைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"எங்க போற?" என்றார் ராஜரத்தினம்.

"மூடிட்டு வந்துர்றேன்."

"உக்காரு."

"பனி விழுந்தா எல்லாம் கருகிரும்ப்பா."

"இன்னைக்கு நீ லீவு."

"நான் லீவு. பனி லீவா?" என்று சொல்லிவிட்டு, பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

செலஸ்டின் அவளைப் பார்த்ததும் முதலில், "ஏனுங்க மேடம், செடியில கை வெக்கக் கூடாதுங்க" என்றாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்தார்கள். ரேணுகா பாத்தியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, நாற்றின் நுனி நசுங்காமல் பரப்பிக்கொண்டே நகர்ந்தாள். பழகிய கை. மேலிருந்து பார்த்தால் அது யாருக்கும் தெரியும்.

வாசுகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளை இங்கதான் வேலை செய்யுதா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கக்கா" என்றார் ராஜரத்தினம்.

"ஆபீசுல இல்லை."

"இல்லைங்க. தோட்டத்துல."

"நிரந்தரமா?"

அவர் அருவியைப் பார்த்தார். "நாள்கூலிங்க" என்றார்.

வாசுகி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. குனிந்து வடைத் தூக்கின் மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே இனி.

ஜெகதீசன் எழுந்து நின்றான். குளிரில் உட்கார முடியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். படியிறங்கிப் போய், கொட்டகையிலிருந்து ஒரு மிலார்க் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டாவது கட்டில் விரலில் கீறிக்கொண்டான். இப்படிப் பிடிங்க, அடித்தண்டைப் பிடிக்கணும் என்றாள் ரேணுகா. அன்றைக்கு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"உங்க ஊர்ல பனி விழுமா?" என்று கேட்டாள்.

"பனியில்லை. மழைதான். ஆனி, ஆடியில துணி காயாது. அடுப்புக்கு மேல கயிறு கட்டி காயப் போடுவாங்க."

"பார்க் இருக்கா?"

"இல்லை." கட்டைக் கீழே வைத்தான். "ரெண்டு நர்சரி இருக்கு. காப்பி, மிளகு நாத்து போடறாங்க. ஆள் கெடைக்கலைன்னு சொல்லிட்டே இருப்பாங்க."

"உங்கம்மாவுக்குக் கோவமா?"

"ஆமா."

"நாள்கூலின்னு தெரிஞ்சதாலயா?"

"அதுக்கு முன்னாடியே."

எதற்கு என்று அவள் கேட்பதற்குள் செலஸ்டின், வெட்டிப் பேச்சு பேசறவங்க அந்தப் பக்கத்துப் பாத்திக்குப் போங்க என்றாள். போனார்கள்.

கடைசிப் பாத்தியை மூடி முடித்தபோது நிழல் கொட்டகையையும் தாண்டிவிட்டது. மூன்று பேரும் குழாயில் கை கழுவினார்கள். தண்ணீர் விரலை மரக்கவைத்தது. செலஸ்டினின் உதடு நீலம் பாரித்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பாட்டுத் தூக்கு மேலே இருக்கிறது. ரேணுகா அவளைக் கையைப் பிடித்து நிழற்குடைக்குக் கூட்டிவந்தாள். பலகையின் நடுவில் இருந்த பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திருகினாள். ஆவி கொஞ்சமாக எழுந்தது. மூடியிலேயே ஊற்றி செலஸ்டினிடம் கொடுத்தாள்.

ராஜரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மகளே முடித்துவைத்துவிட்டாள். வேலையாளுக்கு ஊற்றிய தேநீருக்கு இனி எந்த அர்த்தமும் இல்லை. ஒருவேளை அதுவும் நல்லதுதான் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் ஒரு தளர்ச்சி வந்தது.

அப்போது வாசுகி பேசினாள். குரல் உயரவில்லை.

"வேலை செஞ்ச பிள்ளைக்குக் குடுக்கிறது நியாயந்தான். நான் குத்தம் சொல்லலை. ஆனா காலைலேருந்து இங்க ரெண்டு உசுரு உக்காந்திருக்கு. எங்களுக்கு ஒரு வாய் கெடையாதா? பிடிக்கலைன்னா சொல்லிருங்க, மாட்டுக்கு அந்தப் பக்கமா ஏறிப் போயிர்றோம்."

ராஜரத்தினம் எழுந்துவிட்டார். பையிலிருந்து அவசரமாக எடுத்த டம்ளர் பலகையில் மோதியது.

"கேட்டுட்டீங்க" என்றார்.

"என்னா கேட்டுட்டேன்?"

"தேத்தண்ணி. நீங்களா கேட்டுட்டீங்க." இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்று சிந்தியது. ஆண்டாயி மற்றதை வாங்கி வாசுகியின் கையில் கொடுத்தாள். கொடுத்தபடியே, இங்கே வழக்கம் என்ன என்பதை அவள்தான் சொன்னாள். கேட்டால் என்ன அர்த்தம், குடித்தால் என்ன அர்த்தம், கேட்காமல் எழுந்தால் என்ன அர்த்தம். இரண்டு முறை குழாயடியில் கொட்டியதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பதுபோல் ராஜரத்தினம் அவளைப் பார்த்தார்.

வாசுகி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு நேரமும் நான் கேக்கணும்னு நீங்க உக்காந்திருந்தீங்க."

"ஆமாங்கக்கா."

"நீங்க குடுக்கணும்னு நான் உக்காந்திருந்தேன்."

முதலில் சிரித்தது ஜெகதீசன். அப்புறம் செலஸ்டின், குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏற. வாசுகி சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். இதுவரைக்கும் அது குளிருக்கு ஒரு வாய் சாயா. இப்போது அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றியிருந்த நான்கைந்து பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாள்கூலின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்னு நெனச்சுத்தானே சொல்லலை?" என்றாள்.

ராஜரத்தினம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"வந்திருக்க மாட்டேன்தான்" என்றாள் வாசுகி. "கவர்மெண்டுன்னதாலதான் இவ்வளவு தூரத்துக்குப் பஸ் ஏறுனேன். அதை மறைச்சுப் பேச எனக்கு வராது. இப்ப வந்துட்டேன். பாத்தும் ஆச்சு."

டம்ளரை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தாள். பலகையில் வைத்தாள். டம்ளரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ராஜரத்தினத்தின் ஒழுங்குமுறையில் இதற்கு அர்த்தம் கிடையாது.

"ஆறிப்போச்சு" என்றாள்.

மேலே பவுல்ராஜின் விசில் நீளமாகக் கேட்டது. மாடு எழுந்து, அவசரமில்லாமல் வேலியைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கிப் போனது. பாலு இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தான். திறந்திருக்கும் பிளாஸ்க்கைப் பார்த்தான், வாசுகியின் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்து, அப்ப மச்சான், நாள் குறிச்சிரலாமுங்களா என்றான். ஆண்டாயி அவன் தொடையில் கிள்ளினாள்.

வாசுகி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"உங்க லயம் எங்க இருக்கு?"

ராஜரத்தினம் எதிர்ச் சரிவைக் காட்டினார். தேயிலைக்கு நடுவில் தகரக் கூரை ஒன்று நீளமாகத் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தது. அது அவர் வீட்டுக் கூரை.

"எங்க பக்கம் ஊட்டுக்குள்ள கால் வெக்காம சரின்னும் சொல்ல மாட்டோம், வேணாம்னும் சொல்ல மாட்டோம். அங்க வந்து சூடாக் குடிக்கிறேன். அப்புறம் சொல்றேன்."

"வீடு சின்னதுங்கக்கா. பக்கத்துலெல்லாம் ஆளுங்க... பாத்துட்டே இருப்பாங்க."

"பாக்கட்டும். நான் சாயா குடிக்கிறதைப் பாத்து அவங்களுக்கு என்னா ஆகப்போகுது?"

என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பூங்காவும் டிக்கெட்டும் எதேச்சையும். அவர் மகளைப் பார்த்தார். ரேணுகா இடுப்பில் செருகிய கொசுவத்தை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டுக்கரையில் மண் ஒட்டியிருந்தது. தட்டியும் அது போகவில்லை.

"மேடு ஏறணுங்க" என்றாள் வாசுகியிடம். "பாதை வழுக்கும். செருப்பைக் கையில எடுத்துக்குங்க."

பிக்கப் லயத்துக்குக் கீழே உள்ள வளைவு வரைக்கும்தான் போகும். அங்கிருந்து நடந்தார்கள். வெயில் கேத்திப் பக்கத்து மலை உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. ஷிஃப்ட் விட்டுக் கொழுந்து நிறுத்துப் போட்ட பெண்கள் லயத்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினம் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் வாசுகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜெகதீசன் வடைத் தூக்கை வாங்கிக்கொண்டிருந்தான். முதல் வீட்டுக் கதவு திறந்தது. அப்புறம் இரண்டாவது. சங்கிலி என்கிற கிழவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னா ராஜரத்தினம், ஆளுங்க யாரு என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள், ஃபேக்டரியில் வேலை தேடி வந்தவர்கள், பாலுவுக்குத் தெரிந்தவர்கள். பாதை ஏறும்போதே மூன்று பதில்களை அவர் தயாராக வைத்திருந்தார். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் கால் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ரேணுகாவைப் பாக்க வந்திருக்காங்க" என்றார் ராஜரத்தினம். கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். "தேவாலாவிலேருந்து."

ரேணுகா எல்லோரையும் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.